நாலு மாதத்திலேயே சினையாகலாம்: இளம் பெட்டைப் பூனை வளர்க்கும் கோலாலம்பூர் வீடுகளுக்கு முழுமையான வழிகாட்டி

பெட்டைப் பூனை நாலாம் மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். பெரும்பாலானவை ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடையில் வருகின்றன. சினைக்காலம் 63 முதல் 65 நாள். ஜனவரி முதல் வாரத்தில் பிறந்த குட்டி மே மாதத் தொடக்கத்தில் ஒரு கடுவனிடம் (ஆண் பூனையிடம்) மாட்டினால், ஜூலையில் குட்டி போட்டுவிடும். அப்போது அதற்கு வயது ஆறு மாதம். பால்பல் முழுவதும் விழுந்திருக்கிறதா என்பதே சந்தேகம்.

குளிர்நாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு ‘வசந்த காலம் வரை பயமில்லை’ என்று இங்கே இருந்துவிட முடியாது. பூனையின் பருவத்தைத் தூண்டுவது பகல் வெளிச்சத்தின் நீளம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகை தூரத்தில்தான் இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே ஓடும், அதற்கு மேல் வீட்டு விளக்கு வெளிச்சமும் சேரும். ஆகவே எல்லா மாதமும் பருவ மாதம்தான். சினையாகாத பெட்டை ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.

கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. பூனை ஏற்கெனவே வெளியே போய் வந்துவிட்டது என்றால் நேராக நாலாம் படிக்குப் போங்கள்.

படி 1: உண்மையான வயது என்ன?

மாமாக் கடைப் பின்புறத்திலோ கார் நிறுத்துமிடத்திலோ கிடைத்த குட்டிக்குப் பிறந்த தேதி தெரியாது. ‘இன்னும் சின்னக் குட்டிதானே’ என்று கண்ணளவில் சொல்வதுதான் முதல் தவறு. வாயைத் திறந்து பாருங்கள்.

முன்வரிசைச் சிறு பற்கள் மூன்றரை முதல் நாலு மாதத்தில் மாறத் தொடங்கும். கோரைப்பற்கள் ஐந்தாம் மாதத்தை ஒட்டி மாறும். பழைய கோரைப்பல்லுக்குப் பக்கத்திலேயே புதியதும் தெரிந்தால் வயது ஏறத்தாழ ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு, ஏழு மாதத்துக்குள் 30 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். எடையையும் ஒரு குறிப்பாக எடுக்கலாம்: நன்றாகத் தின்னும் குட்டி முதல் நாலைந்து மாதம் வரை மாதத்துக்கு அரைக் கிலோ அளவில் ஏறும், அதாவது 2 கிலோ என்றால் நாலு மாதம். ஆனால் பட்டினி கிடந்த தெருக்குட்டியின் எடையை நம்பாதீர்கள். ஒன்றரைக் கிலோ மட்டுமே இருக்கும் ஆறு மாதப் பெட்டை நிறைய உண்டு. அதன் பல்லை நம்புங்கள்.

படி 2: பருவத்துக்கு வந்த அறிகுறி

பூனைக்கு நாயைப்போல் இரத்தக்கசிவு இருக்காது. அதனால் பலர் தவறவிடுகிறார்கள், அல்லது பூனைக்கு வயிற்றுவலி என்று பதறுகிறார்கள். பார்க்க வேண்டியவை இவை: தொண்டை கிழியக் கத்துவது, தரையில் உருளுவது, நாற்காலிக்காலிலும் மனிதர் காலிலும் ஓயாமல் உரசுவது, சாப்பாட்டில் மனம் இல்லாமை, கதவையே பார்த்து நிற்பது. சந்தேகம் இருந்தால் வாலடியில் முதுகை மெதுவாகத் தடவுங்கள். முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் உயர்ந்து, வால் ஒருபக்கம் ஒதுங்கி, பின்னங்கால் இரண்டும் மிதித்துக்கொண்டே இருந்தால் அது பருவம்தான்.

பொதுவாக இது ஒரு வாரம் நீடிக்கும். சிலவற்றில் இரண்டு மூன்று நாளில் அடங்கும், சிலவற்றில் இரண்டு வாரத்துக்கும் மேல் போகும். பெட்டை சத்தமே போடாமல் பருவத்தைக் கடப்பதும் உண்டு. ஆகவே ‘எங்க பூனை இன்னும் கத்தவே இல்லையே’ என்பது பாதுகாப்பு ஆகாது. பிறப்புறுப்பிலிருந்து இரத்தமோ சீழோ வந்தால் அது பருவம் இல்லை, நோய். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

படி 3: கருத்தடைக்குத் தேதி வாங்குங்கள், அதுவரை கதவைக் காத்துக்கொள்ளுங்கள்

இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். பூனைகளுக்கு எந்த வயதில் கருத்தடை என்று ஆராய அமெரிக்காவில் கூடிய கால்நடை மருத்துவர் பணிக்குழு 2016இல் சொன்ன பரிந்துரை: ஐந்து மாதம் முடிவதற்குள். உடல்நலம் நன்றாக இருந்தால் அதற்கும் முன்பே செய்யலாம். ‘முதல் பருவம் வரட்டும்’, ‘ஒருமுறையாவது குட்டி போட்டு தாயாகட்டும், இல்லாவிட்டால் பாவம்’ என்று நம் வீடுகளில் சொல்வதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. கணக்கு அதற்கு எதிராகத்தான் நிற்கிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்த பெட்டைகளுக்கு மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 91 விழுக்காடு குறைகிறது. ஓராண்டுக்குள் செய்தால் 86 விழுக்காடு. இரண்டு வயதைத் தாண்டிவிட்டால் அந்தப் பலன் கிட்டத்தட்ட இல்லை. பூனையின் மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்க் கட்டிகள் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

கட்டணம் கிளினிக்குக் கிளினிக் மாறும். அம்பாங் ஜாயாவில் உள்ள சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ. (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) போன்ற அமைப்புகளிடமும், செர்டாங்கில் உள்ள யு.பி.எம். (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) கால்நடை மருத்துவமனையிலும், உங்கள் தாமானுக்குப் பக்கத்து கிளினிக்கிலும் தொலைபேசியில் விலை கேட்டு ஒப்பிடுங்கள். முகப்பில் மலாயில் ‘கெம்பிரி’ என்றால் புரியும். விலை கேட்கும்போதே நாலு கேள்வி கேளுங்கள். மயக்க மருந்து, வலி மருந்து, கழுத்துக் கவசம், தையல் பிரிப்பு எல்லாம் சேர்ந்த விலையா? இரத்தப் பரிசோதனை தனியா? சினையாக இருந்தால் கூடுதலா? குறைந்தபட்ச எடை எவ்வளவு? பல இடங்களில் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் தள்ளிப் போடுவார்கள்.

அறுவைக்கு முன் பட்டினி போடும் நேரத்தைக் கிளினிக் சொல்வதுபோலவே பின்பற்றுங்கள். வளர்ந்த பூனைக்கு முதல்நாள் இரவிலிருந்து உணவு கொடுக்க வேண்டாம் என்பார்கள். நாலு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குட்டியை அப்படிப் போட்டால் இரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். அதற்கு இரண்டு முதல் நாலு மணி நேரப் பட்டினி போதும். ‘என் பூனைக்கு இத்தனை மாதம், எத்தனை மணி நேரம்?’ என்று வயதைச் சொல்லியே கேளுங்கள்.

இப்போது கதவு. அடுக்குமாடி வீட்டுக் கிரில் கம்பிகளுக்கு இடையில் நாலு மாதக் குட்டி சுலபமாக நுழைந்துவிடும். கிரிலின் கீழ்ப்பாதிக்குக் கம்பிவலை கட்டுங்கள். துணி காயப்போடும் பின்பக்க யார்டு, குளியலறைக் காற்றுச் சன்னல், சமையலறைச் சன்னல் மூன்றையும் பாருங்கள். தரை வீட்டில் தபால்காரர், எரிவாயுத் தோம்பு கொண்டுவருபவர், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் கதவைத் திறக்கும் அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்து. பருவத்தில் இருக்கும் பெட்டையை உள்கதவு போட்ட ஓர் அறையில் வைப்பதைவிட உறுதியான வழி இல்லை.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆபத்தை மறந்துவிடுகிறார்கள்: உடன்பிறந்த கடுவன். பூனைகளுக்கு அண்ணன் தங்கை கணக்கு கிடையாது. ஆண்குட்டி ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படுத்தும் திறன் பெறலாம். ஆகவே நாலு மாதம் ஆனதும் இரண்டையும் பிரியுங்கள். கடுவனுக்குக் கருத்தடை செய்துவிட்டால் அன்றிலிருந்தே பயமில்லை என்றும் இல்லை. குழாயில் மிச்சமிருக்கும் விந்தால் நாலு முதல் ஆறு வாரம் வரை அது சினைப்படுத்தலாம்.

பருவத்தில் இருக்கும்போதே அறுவை செய்யலாமா? செய்யலாம். ஆனால் அந்த நேரத்தில் கர்ப்பப்பைக்கு இரத்த ஓட்டம் கூடியிருக்கும் என்பதால் சில மருத்துவர்கள் ஒரு வாரம் பொறுக்கச் சொல்வார்கள். அந்த ஒரு வாரத்துக்குக் கதவை உங்களால் காக்க முடியாது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மருத்துவரின் முடிவு மாறக்கூடும்.

படி 4: வெளியே போய் வந்துவிட்டது

முதலில் நாட்காட்டியில் தேதியைக் குறியுங்கள். போன தேதி, திரும்பிய தேதி இரண்டும் வேண்டும். இனி வரும் ஒவ்வொரு முடிவுக்கும் அந்தத் தேதிதான் அடித்தளம். ஸ்கேன் எப்போது, அறுவை எப்போது, குட்டி எப்போது, தாமதம் என்று எப்போது பயப்பட வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்துதான் எண்ணப்படும்.

பூனைக்கு முட்டை தானாக வெளிவருவதில்லை. இணைசேரும் தூண்டுதல்தான் அதை வெளிவரச் செய்கிறது. ஒருமுறை சேர்ந்தால் போதாமல் போகலாம். ஆனால் கடுவன் ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை சேரும், ஒன்றுக்கு மேற்பட்ட கடுவன்களும் வரும். ஆகவே ‘அரை மணி நேரம்தான் வெளியே இருந்தது’ என்பது ஆறுதல் இல்லை.

உடம்பைத் தடவிப் பாருங்கள். பிடரியில் பல்தடம், ஈரமான முடி, கீறல் இருக்கிறதா? கடுவனின் கடியால் பூனை எய்ட்ஸ் எனப்படும் எஃப்.ஐ.வி. பரவும். பூனை லுக்கேமியா வைரஸும் நெருங்கிய தொடர்பில் பரவும். உடனே செய்யும் பரிசோதனை தொற்றைக் காட்டாமல் போகலாம் என்பதால் இரண்டு மாதம் கழித்தும் ஒருமுறை சோதிக்க வேண்டும். மலேசியப் பூனைகளிடம் பரவலாக இருக்கும் இன்னொன்று ஸ்போரோட்ரைக்கோசிஸ் என்ற பூஞ்சைப் புண். மூக்கிலோ காதிலோ காலிலோ ஆறாத புண் தெரிந்தால் கையுறை போடாமல் தொடாதீர்கள், அது மனிதருக்கும் ஒட்டும். அதற்குக் கொடுக்கும் இட்ராகொனசோல் வயிற்றுக் குட்டிகளுக்கு ஆபத்து. ஆகவே பூனை சினையாக இருக்கலாம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை: மனிதருக்கான கருத்தடை மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ‘ஹீட்டை நிறுத்தும் ஊசி’யைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். இரண்டிலும் உள்ள ஹார்மோன், கர்ப்பப்பையில் சீழ் கட்டுதல், மார்பு வீக்கம், சர்க்கரை நோய் மூன்றுக்கும் கதவைத் திறக்கும். பப்பாளிக்காய், அன்னாசி வைத்தியமும் வேண்டாம். வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

சரியான வழி, இரண்டு மூன்று வாரத்துக்குள் கருத்தடைக்கு நாள் வாங்குவது. அந்தக் கட்டத்தில் கர்ப்பப்பை இன்னும் பெரிதாகியிருக்காது, அறுவை ஏறத்தாழ வழக்கமானதுபோலவே முடியும்.

படி 5: சினையா இல்லையா

மூன்று வாரத்தை ஒட்டிக் காம்புகள் சற்றுப் பெரிதாகி ரோஜா நிறம் பெறும். முதல் சினையில் இது பளிச்சென்று தெரியும். 17 முதல் 25 நாளுக்குள் அனுபவமுள்ள மருத்துவர் வயிற்றைத் தொட்டே சொல்லிவிடுவார். நீங்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம், கருவுக்குச் சேதம். 25ஆம் நாள் வாக்கில் எடுக்கும் ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரியும். எத்தனை குட்டி என்று எண்ண எக்ஸ்ரேதான் நல்லது, அது 45ஆம் நாளுக்குப் பிறகு. ‘மறுபடியும் பருவத்துக்கு வரவில்லை, ஆகவே சினை’ என்று முடிவு கட்டாதீர்கள். முட்டை வெளிவந்தும் கரு நிற்காமல் போனால் ஏறத்தாழ ஆறு வாரம் பொய்ச்சினையாக அமைதியாக இருக்கும்.

ஆறு மாத உடம்பில் என்ன நடக்கிறது

பூனையின் எலும்பு வளர்ச்சி ஒரு வயதைத் தாண்டியும் தொடரும். ஆறு மாதத்தில் சினையானால், தன் எலும்புக்கும் தசைக்கும் போக வேண்டிய புரதமும் சுண்ணாம்புச்சத்தும் வயிற்றுக் குட்டிகளுக்குப் பங்காகின்றன. சாப்பாடு போதாத பூனை என்றால் கருக்கள் உடம்பாலேயே உறிஞ்சப்பட்டுவிடலாம், கலைந்துவிடலாம், செத்துப் பிறக்கலாம், அல்லது எடை குறைந்து பிறக்கலாம். தாய் மெலிந்து, முடி கொட்டி, வளர்ச்சியில் பின்தங்கும்.

அடுத்தது இடுப்பெலும்பு. சிறிய உடம்பு, பெரிய தலைக் கடுவன், வயிற்றில் ஒன்றோ இரண்டோ குட்டிகள் மட்டும் என்று மூன்றும் சேர்ந்தால் சிக்கல் கூடும். குறைந்த எண்ணிக்கைக் குட்டிகள் அளவில் பெரிதாக வளரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பெர்சிய கலப்புப் பூனைகள் இங்கே அதிகம். குட்டியின் அகலமான தட்டைத்தலை வழியில் நிற்கும். முன்பு காரில் அடிபட்டுப் பிழைத்த தெருக்குட்டியானால் இடுப்பு கோணலாக ஒட்டியிருக்கலாம். அதற்குச் சுகப்பிரசவத்தை நம்பாமல் முன்கூட்டியே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வழி சரியாக இருந்தும் கர்ப்பப்பை சுருங்க வலுவில்லாமல் பாதியில் நின்றுவிடுவதும் உண்டு.

இளம் பெட்டைகளுக்கே உரிய ஒன்று மார்பு வீக்கம். பருவத்துக்குப் பிறகோ சினையின் தொடக்கத்திலோ, சில நாளுக்குள் மடி முழுக்கக் கொழுக்கட்டைபோல் உருண்டு பெருத்து, தோல் சிவந்து வெடிக்கும் அளவுக்குப் போகும். புற்றுநோய் என்று பயந்து பூனையைக் கருணைக்கொலைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. இது ஹார்மோனால் வரும் வீக்கம், கருத்தடையாலும் மருந்தாலும் அடங்கும். மடி பெருத்திருப்பதால் மருத்துவர் வயிற்றின் நடுவில் அல்லாமல் விலாப்பக்கத்தில் கீறலாம்.

பால் கொடுக்கும் காலத்தில் சுண்ணாம்புச்சத்து இரத்தத்தில் இறங்கி வலிப்பு வரும் ஆபத்து, மடி வீக்கக் காய்ச்சல், கர்ப்பப்பைத் தொற்று ஆகியவை எந்தத் தாய்க்கும் வரலாம். உடம்பில் சேமிப்பே இல்லாத சின்னத் தாய் அவற்றைத் தாங்குவது குறைவு. அதோடு, பாதி இளம் மனம்: குட்டியைச் சவ்வோடு விட்டு எழுந்து போவது, பால் கொடுக்காமல் விலகுவது, பயத்தில் குட்டியைக் கடிப்பது. நியாயமாகச் சொன்னால், எத்தனையோ ஏழு மாதப் பெட்டைகள் யார் உதவியும் இல்லாமல் குட்டி போட்டு வளர்த்துவிடுகின்றன. உங்கள் பூனை அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பது நள்ளிரவில்தான் தெரியவரும், பிரச்சினை அங்கேதான்.

படி 6: நிறுத்துவதா, தொடர்வதா

சினையாக இருக்கும்போதே கருத்தடை செய்யலாம். சட்டத் தடையும் இல்லை. நாள் ஏற ஏற இரத்த இழப்பும் மயக்க நேரமும் கட்டணமும் கூடும். கடைசி இரண்டு வாரத்தில் பல மருத்துவர்கள் தயங்குவார்கள். எங்கள் பார்வையில், இரண்டு கிலோவுக்குக் கீழ்ப்பட்ட பெட்டை, இடுப்பு அடிபட்டது, நோயுள்ளது என்றால் தொடரவிடக் கூடாது. மற்றவற்றில் குடும்பத்தின் மனசாட்சிக்கும் இடம் உண்டு. பெரியவர்கள் ‘வயித்துப் பிள்ளையைக் கலைக்கிறதா’ என்று கேட்பார்கள். அவர்களைத் திட்டாமல் மருத்துவரிடமே அழைத்துப்போய் ஸ்கேனையும் பூனையின் எடையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தொடர்வதாக முடிவெடுத்தால் குட்டிகளுக்கு வீடு இப்போதே தேட வேண்டும். பசாரிலும் உணவுக்கடைப் பக்கத்திலும் கொண்டுபோய் விடுவது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி குற்றம்.

படி 7: சினைக்காலப் பராமரிப்பு

முதல் நாளிலிருந்து பால்மறக்கும் வரை குட்டிப்பூனைக்கான உணவையே கொடுங்கள், வளர்ந்த பூனை உணவை அல்ல. தாயும் வளரும் பிள்ளை என்பதால் அளவு பார்க்காமல் நாலைந்து வேளையாகப் பிரித்து வைக்கலாம். கடைசி வாரங்களில் வயிற்றில் இடமில்லாமல் ஒரே வேளையில் அதிகம் தின்னாது. சோறும் வேகவைத்த மீனும் மட்டும் போதாது. டாரின் என்ற சத்து குறைந்தால் கரு கலையும், குட்டி செத்துப் பிறக்கும். நாய் உணவிலும் அது பூனைக்குப் போதிய அளவில் இருக்காது.

சுண்ணாம்பு மாத்திரை கொடுக்காதீர்கள். கேட்க விநோதமாக இருந்தாலும் காரணம் உண்டு. சினையில் வெளியிலிருந்து சுண்ணாம்பு கொட்டினால், எலும்பிலிருந்து அதை எடுக்கும் சுரப்பி சோம்பிவிடும். பிறகு பால் சுரக்கும் நாளில் தேவை திடீரென ஏறும்போது அது எழுந்திருக்காது, வலிப்பு வரும்.

உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி சினையில் போடக்கூடாது. அதில் உள்ள பூனைக் கழிச்சல் வைரஸ் வயிற்றுக் குட்டியின் சிறுமூளையைத் தாக்கினால், அது வாழ்நாள் முழுக்கத் தள்ளாடி நடக்கும். படர்தாமரைக்குத் தரும் கிரிசியோஃபுல்வின் குட்டிகளை ஊனமாக்கும். பனடோல் ஒரு மாத்திரைகூட பூனையைக் கொல்லும். நாய்க்கான உண்ணி மருந்தில் உள்ள பெர்மெத்ரினும் அப்படித்தான். குடற்புழு மருந்து மட்டும் அவசியம், ஏனென்றால் உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகக் குட்டிக்குப் போகும். எதை எப்போது என்று மருத்துவர் சொல்லட்டும்.

வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் மணல்தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யுங்கள். டாக்சோபிளாஸ்மா முட்டை தொற்றும் நிலையை அடைய குறைந்தது ஒரு நாள் ஆகும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை நின்றுவிட்டால் அல்லது இறங்கினால் காத்திருக்க வேண்டாம். 55ஆம் நாளுக்கு முன் கூடு தயாராக இருக்கட்டும்: 40க்கு 60 செ.மீ. அட்டைப்பெட்டி, தாய் தாண்டிப் போகும் அளவுக்கு 15 செ.மீ. உயர வாசல், அடியில் செய்தித்தாள், மேலே நூல் தொங்காத பழைய துண்டு. மின்விசிறிக்கு நேர்கீழேயும் ஏர்கான் காற்றிலும் வைக்காதீர்கள். நம் ஊர் வெக்கை தாய்க்குச் சிரமம், பிறந்த குட்டிக்கோ அந்த வெக்கை வேண்டும். பெட்டியின் ஒரு மூலை 29 முதல் 32 பாகை செல்சியஸ், மறுமூலை சற்றுக் குளிர்ச்சி என்று இருந்தால் இரண்டுக்கும் சரி.

அருகில் வைத்திருக்க வேண்டியவை: கிராம் காட்டும் சமையல் தராசு, சுத்தமான துண்டுகள் ஏழெட்டு, பல்லிடுக்கு நூல், மழுங்கிய கத்தரிக்கோல், ஐயோடின் கரைசல், குட்டிப்பூனைப் பால்மாவு, சிறு சிரிஞ்சு, தூக்குக்கூண்டு. 24 மணி நேரம் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அங்கே இரவில் சிசேரியன் செய்வார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள், எல்லா இடத்திலும் செய்வதில்லை. நடுராத்திரியில் கிராப் ஓட்டுநர் பூனையை ஏற்ற மறுக்கலாம். கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

படி 8: பிரசவ இரவு

பூனையின் சாதாரண உடல்வெப்பம் 38.1 முதல் 39.2 பாகை. அது 37.8க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம். முதற்கட்டத்தில் அமைதியின்மை, மூச்சிரைப்பு, பெட்டிக்குள் போவதும் வருவதும். தலைச்சன் பிரசவத்தில் இது 24 மணி நேரம்வரை நீளலாம். பிறகு முக்கல் தொடங்கும். தலை முதலில் வந்தாலும் பின்கால் முதலில் வந்தாலும் பூனைக்கு இயல்புதான். குட்டிகளுக்கு இடையே 10 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் என்பது சாதாரணம்.

உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரங்கள்:

1. பலமாக முக்கி 20 முதல் 30 நிமிடம் ஆகியும் குட்டி வரவில்லை.
2. குட்டியின் ஒரு பகுதி வெளியே தெரிந்து 10 நிமிடமாக நகரவில்லை.
3. சிவப்பு இரத்தம் 10 நிமிடத்துக்கு மேல் ஒழுகுகிறது.
4. முதல் குட்டி வருமுன்பே பச்சையாகவோ நாற்றத்தோடோ நீர் வருகிறது.
5. உள்ளே இன்னும் குட்டி இருக்க, முக்கல் நின்று இரண்டு மணி நேரமாகத் தாய் துவண்டு கிடக்கிறது.
6. கடைசியாகச் சேர்ந்த தேதியிலிருந்து 68 நாள் தாண்டியும் அறிகுறி இல்லை.

ஐந்தாவதுக்கு ஒரு விளக்கம். பூனை சில சமயம் பாதிப் பிரசவத்தில் நிறுத்தி, குட்டிகளுக்குப் பால் கொடுத்து, சாப்பிட்டு, நாள் கழித்து மீதியைப் போடும். தாய் தெளிவாக இருந்தால் அது ஆபத்தில்லை, ஆனாலும் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

குட்டியை இழுக்காதீர்கள். சவ்வோடு பிறந்த குட்டியைத் தாய் ஒரு நிமிடத்துக்குள் நக்கவில்லை என்றால் நீங்கள் மூக்குப்பக்கம் சவ்வைக் கிழித்து, வாயைத் துடைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துத் துண்டால் முதுகைத் தேயுங்கள். தலைகீழாக வீசுவது பழைய பழக்கம், மூளையில் இரத்தக்கசிவு வரும், வேண்டாம். தாய் கடிக்காத தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி நூலால் கட்டி, அதற்கு அப்பால் வெட்டி, நுனியில் ஐயோடின் தடவுங்கள். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி வர வேண்டும், எண்ணுங்கள்.

படி 9: முதல் வாரங்கள்

எல்லாக் குட்டியும் சீம்பால் குடிக்க வேண்டும். முதல் 16 மணி நேரத்துக்குப் பின் அதன் எதிர்ப்புச் சக்தியைக் குட்டியின் குடல் ஏற்காது. பிறப்பு எடை 90 முதல் 110 கிராம் நல்லது. அதற்குக் கீழே இருப்பதைத் தனிக் கவனத்தில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள், 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறாவிட்டால் துணைப்பால் தேவை. பசும்பால், டின்பால் இரண்டும் வேண்டாம், கழிச்சலில் போய்விடும். பால்மாவைப் பாக்கெட்டில் சொன்னபடி கரைத்து, 100 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு 4 மி.லி. அளவில், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, குப்புறப் படுத்த நிலையிலேயே கொடுங்கள். மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போகும். உடம்பு சில்லிட்ட குட்டிக்கு முதலில் சூடேற்றுங்கள், அதன் பிறகுதான் பால்.

தாயைப் பாருங்கள். முதல் நாலு வாரத்தில் விறைத்த நடை, நடுக்கம், தசைத் துடிப்பு, காரணமில்லா மூச்சிரைப்பு தெரிந்தால் சுண்ணாம்புக் குறைவு. குட்டிகளைப் பிரித்துவிட்டு அந்த மணி நேரத்திலேயே கிளினிக்குக்குப் போங்கள், இரத்தநாளத்தில் ஊசி போட்டால்தான் பிழைக்கும். மடியில் ஒரு பகுதி கல்லாகிச் சுட்டால், கெட்ட நாற்றத்தில் கசிவு வந்தால், அதுவும் அன்றைக்கே. உறவினரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் குட்டி பார்க்க வருவதை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள்.

படி 10: அடுத்த சினைக்கு முன்

பால் கொடுக்கும்போது சினையாகாது என்று நினைப்பவர்கள் மூன்றாம் மாதத்தில் இன்னொரு ஈற்றைப் பார்ப்பார்கள். பிரசவமான சில வாரத்திலேயே பருவம் திரும்பலாம். ஆகவே கருத்தடை முடியும்வரை தாய் வீட்டுக்குள்தான்.

ஏழு, எட்டு வாரத்தில் குட்டிகளைப் பிரித்து, பால் வற்ற இரண்டு வாரம் விட்டு அறுவை வைப்பது வசதி. தேதியைப் பிரசவ வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். அறுவைக்குப் பின் 10 முதல் 14 நாள் கழுத்துக் கவசத்தைக் கழற்றாதீர்கள். ‘பாவமா இருக்கு’ என்று ஒரு மணி நேரம் கழற்றியதில் தையலைப் பிரித்த பூனைகள் ஏராளம். குளிப்பாட்டல், அலமாரி உச்சி, மாடிப்படி ஓட்டம் வேண்டாம். காயத்தைத் தினம் இருமுறை பாருங்கள்: லேசான தடிப்பு சரி; ஈரம், நாற்றம், கூடிக்கொண்டே போகும் வீக்கம், 24 மணி நேரத்துக்கு மேல் சாப்பிடாமை சரியில்லை. சில மாதம் கழித்துப் பூனை மறுபடி பருவத்தில் கத்தினால் சினைப்பைத் திசு கொஞ்சம் உள்ளே விடுபட்டிருக்கலாம். அந்தக் கத்தலைக் கைப்பேசியில் பதிவு செய்து, தேதியோடு மருத்துவரிடம் காட்டுங்கள்.